சாப்பிடும் சத்தம் கேட்டாலே ஆத்திரம் வருகிறது, இதற்கு மனநல சிகிச்சை உண்டா?

உண்டு. நானே எடுத்துக்கொண்டேன். முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. ஆனால் இன்று காலை என் மாமனாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அது நடக்கவே நடக்காத காரியம்.

ரூம்மேட் சிப்ஸ் மெல்லும் சத்தம், பக்கத்து சீட்டில் பேனாவை டிக் டிக் என்று அழுத்தும் சத்தம் கேட்டால் அடிக்கக் கை ஓங்குகிறது, காது டாக்டர் எல்லாம் நார்மல் என்கிறார், நண்பர்கள் திமிர் என்கிறார்கள், அதனால் நாள் முழுக்க ஹெட்போனோடு இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் நான் வாழ்ந்தது. திமிர் இல்லை. இதற்கு மிஸோஃபோனியா என்று பெயர். பாவெல் ஜஸ்ட்ரெபாஃப், மார்கரெட் ஜஸ்ட்ரெபாஃப் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2001இல் வைத்த பெயர்.

எனக்கு இது ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா பொரிகடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு செய்தி பார்ப்பார். அந்த நறநற சத்தம் வந்ததும் கழுத்துக்குக் கீழே இருந்து சூடு ஏறும், தாடை இறுகிக்கொள்ளும், எழுந்து மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். பெத்த அப்பன் திங்கறது உனக்கு அருவருப்பா இருக்கா என்று அம்மா கேட்டது இன்னும் மனசில் இருக்கிறது. அருவருப்பு இல்லை, அது கோபம், அதுவும் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத கோபம். பதினோரு வயதில் அதை எப்படிச் சொல்வது?

கல்யாணமாகி ஈரோடு வந்த பிறகு அந்த இடத்துக்கு மாமாவின் காபி வந்தது. மாமா, அதாவது என் மாமனார், காபியை டபராவில் ஊற்றி ஒரு ஆற்று ஆற்றி, டபரா விளிம்பில் உதட்டை வைத்து உறிஞ்சுவார். முதல் உறிஞ்சு நீளமாக இருக்கும், அதற்குப் பிறகு ஒரு 'ஹா', அப்புறம் சின்னச் சின்னதாக ஏழெட்டு. நான் சமையலறைத் திட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். அவர் நல்ல மனுஷர். நான் பேங்க் பரீட்சைக்குப் படித்த ஒரு வருடம் என் மகளைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவரிடம் போய், மாமா நீங்க காபி குடிக்கறது எனக்கு ஆகலை என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்?

சொல்லவில்லை. ஒருநாள் காலை, ராத்திரி முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல், தூக்கமே இல்லை, அவர் இரண்டாவது தடவை உறிஞ்சும்போது நான் போய் அவர் கையிலிருந்த டபராவைப் பிடுங்கிவிட்டேன். காபி அவர் வேட்டியில் கொட்டியது. அவர் என்னைப் பார்த்து, "ரொம்ப சூடா இருக்குன்னு பயந்துட்டியா கண்ணு" என்றார். அன்றைக்குத்தான் இதற்கு வைத்தியம் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் காது. இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது, ஏனென்றால் சத்தம் தாங்கவில்லை என்று ஒரே மாதிரி சொல்கிற பல பேருக்கு உள்ளே இருக்கும் கோளாறு வேறு வேறு. குக்கர் விசில், பாத்திரம் விழுவது, வண்டி ஹாரன் என்று எல்லாமே மற்றவர்களைவிட அதிகமாகக் காதில் அறைகிறது, வலிக்கக்கூடச் செய்கிறது என்றால் அது ஹைப்பர்அக்யூசிஸ், அதில் சத்தத்தின் அளவுதான் பிரச்சினை. ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எந்த இடத்தில் தாங்க முடியவில்லை என்று அளந்து பார்ப்பார். மிஸோஃபோனியாவில் பட்டாசுகூடப் பரவாயில்லை, பக்கத்தில் ஒருவர் மெதுவாக மெல்லுவதுதான் தாங்காது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒற்றைத் தலைவலி, காதில் இரைச்சல், ஆட்டிசம் இவற்றோடும் சத்தம் தாங்காமை வரும். எனக்கு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் சோதனை, சுத்தமாக இருந்தது.

அடுத்து நான் செய்தது தப்பு. முதலில் பார்த்த கவுன்சிலர் இதை உயரத்தைப் பார்த்துப் பயப்படுவது மாதிரி எடுத்துக்கொண்டு, தினமும் அரைமணி நேரம் சாப்பிடும் வீடியோக்களைக் கேளுங்கள், பழகிவிடும் என்றார். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பழகவில்லை, அதுவரை தொந்தரவு தராத சத்தங்களும் பட்டியலில் சேர்ந்துகொண்டன. பயம் என்றால் ஒன்றும் ஆகாது என்று மனசு மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டு அடங்கும். இது பயம் இல்லையே. கோபத்தோடு அரைமணி நேரம் கேட்டால் கோபத்துக்குத்தான் பயிற்சி. யாராவது உங்களிடம் இப்படி வெறுமனே கேட்டுக்கொண்டே இருங்கள் என்று சொன்னால் ஏன், எப்படி என்று கேளுங்கள்.

இரண்டாவதாகக் கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைத்தார். முதல் மூன்று வாரம் சத்தத்தின் பக்கமே போகவில்லை. ஒரு நோட்டு போடச் சொன்னார்: என்ன சத்தம், யாரிடமிருந்து, எங்கே, பத்துக்கு எவ்வளவு, அந்த நொடியில் மனசில் ஓடியது என்ன. அந்த நோட்டுதான் எனக்குக் கண் திறந்தது. ஓட்டலில் முகம் தெரியாத ஒருவர் காபி உறிஞ்சினால் 4, மாமா உறிஞ்சினால் 9. தூங்காத மறுநாள் எல்லாமே இரண்டு கூட. அவர் இன்னும் டபராவைத் தொடவே இல்லை, ஃபில்டரைத் தட்டுகிற சத்தத்துக்கே 6 வந்துவிட்டிருக்கிறது. மனசில் ஓடியது என்று நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல், தெரிஞ்சே செய்யறார், இன்னும் அஞ்சு நிமிஷம் தாங்கணும், நான் ஒரு கெட்டவள். சத்தத்துக்கும் கோபத்துக்கும் நடுவே இவ்வளவு இருக்கிறது, சிகிச்சை கை வைப்பது அந்த நடு இடத்தில்தான்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதையும் அந்த சைக்காலஜிஸ்ட்தான் சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமார் குழு 2017இல் செய்த ஆய்வில், மிஸோஃபோனியா உள்ளவர்களுக்கு மெல்லும் சத்தத்தைப் போட்டபோது மூளையில் இன்சுலா என்ற பகுதியின் முன்பக்கம் அளவுக்கு மீறி வேலை செய்தது, இதயத் துடிப்பு ஏறியது. அதே ஆட்களுக்குக் குழந்தை அலறும் சத்தம் மற்றவர்களுக்கு இருக்கும் அளவு எரிச்சலைத்தான் தந்தது. 2021இல் அதே குழு இன்னொன்று கண்டது: இவர்களுக்குக் கேட்கும் பகுதிக்கும், வாய் முகத்தை அசைக்கும் பகுதிக்கும் நடுவே தொடர்பு கூடுதல். எதிராளி மெல்லும்போது நம் வாயும் உள்ளுக்குள் இழுக்கப்படுகிற மாதிரி. நான் சின்ன வயதில் அப்பா மெல்லும்போது கூடவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அது கேலி என்று நினைத்து வாங்கிய அடி ஞாபகம் வந்தது. தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனின் சான் டியேகோ ஆய்வகமும் 2013இலேயே இவர்களுக்குத் தோலின் வியர்வை மின்மாற்றத்தை அளந்து, உடம்பு நிஜமாகவே எகிறுகிறது என்று காட்டியிருக்கிறது. நடிப்பு என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். எனக்குத் தந்தது சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, அதையே மிஸோஃபோனியாவுக்கென்று மாற்றி அமைத்த வடிவம். ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு ஒன்று இதைப் பல வருடமாகச் செய்கிறது.

அதில் ஒன்று கவனத்தை நகர்த்துவது. காதைப் பொத்துவது இல்லை இது. அந்தச் சத்தம் இருக்கட்டும், கூடவே ஃபேன், தெருவில் போகிற பால் வண்டி, என் காலுக்குக் கீழே தரையின் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டு வருவது. முதலில் அமைதியான நேரத்தில் பழகி, பிறகு சின்ன சத்தத்தோடு, பிறகு பெரிய சத்தத்தோடு. எனக்கு ஒரு மாதம் ஆனது.

இன்னொன்று, சத்தத்தை நம் கைக்குள் கொண்டுவருவது. மாமாவிடம் விஷயத்தைச் சொன்ன பிறகு (அதைக் கடைசியில் சொல்கிறேன்) அவர் காபி குடிப்பதை ஃபோனில் பதிவு செய்ய அனுமதி கேட்டேன். எடுத்துக்கோ கண்ணு என்று சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பதிவை வேகம் குறைத்துப் போட்டேன், சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது. தலைகீழாகப் போட்டேன். சுருதி ஏற்றிப் போட்டேன். நான் ஆரம்பித்தால் ஆரம்பிக்கும், நிறுத்தினால் நிற்கும். அது அடங்கியதும் அடுத்த படி: அதே பத்து நொடிச் சத்தத்தை என் மகள் முதன்முதலாக நடந்த வீடியோவோடு, வீடியோவின் ஒலியை அணைத்துவிட்டுச் சேர்த்துக் கேட்பது. அந்த வீடியோவில் அவள் கையை நீட்டிக்கொண்டு போய் விழுவது மாமாவின் மடியில். ஒரு சத்தத்தோடு வேறொரு உணர்ச்சியைக் கட்டுகிற வேலை இது. முதல் கவுன்சிலர் சொன்ன அரைமணி நேரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் புரிகிறதா? இங்கே பத்து நொடி, கோபம் ஏறும் முன் நிறுத்திவிடுவோம். கூடவே மூச்சுப் பயிற்சி, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. எனக்கு முதலில் இறுகுவது தாடை என்பதால் அங்கிருந்தே ஆரம்பித்தோம்.

எல்லோருக்கும் பலன் தருமா என்றால் இல்லை. ஆம்ஸ்டர்டாம் குழு 54 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாதம் இந்தச் சிகிச்சை தந்து, மறு பாதியைக் காத்திருக்க வைத்து, 2021இல் வெளியிட்ட ஆய்வில், எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்குத் தெளிவான முன்னேற்றம், காத்திருந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். குறைவாகத் தோன்றலாம், இருபது வருடம் இதோடு மல்லுக்கட்டிய எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை. இதற்கென்று தனி மருந்து கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மனநல மருத்துவர் மருந்து தருவார், அது தணிந்தால் இதுவும் கொஞ்சம் இறங்கலாம்.

நாள் முழுக்க ஹெட்போன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அமெரிக்காவில் ஃபார்ம்பி என்பவரும் கூட்டாளிகளும் 2003இல், நன்றாகக் காது கேட்கும் ஆட்களுக்கே இரண்டு வாரம் காதடைப்பான் போட்டுப் பார்த்தார்கள். கழற்றியதும் சாதாரணச் சத்தமே முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. மெல்லிய இரைச்சல் கருவியை மாட்டிக்கொண்டவர்களுக்கு நேர்மாறாக, சத்தம் தாங்கும் சக்தி கூடியது. சத்தம் வராவிட்டால் மூளை வால்யூமை ஏற்றிக்கொள்கிறது. அதனால் ரயிலில், சாப்பாட்டு நேரத்தில் அரைமணி என்று போடுங்கள், மற்ற நேரம் கழற்றிவிட்டு ஃபேனோ மழைச்சத்தமோ மெல்ல ஓடட்டும். ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? எம்ஃபில் முடித்து, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பாருங்கள். மிஸோஃபோனியா என்ற பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனி இடமே இன்னும் இல்லை. சிபிடி தெரிந்தவரா, நீங்கள் கொண்டுபோகிற கட்டுரையைப் படிக்கத் தயாரா என்று மட்டும் கேளுங்கள். என்னுடையவர் முதல் நாளே, எனக்கு இது புதுசு, சேர்ந்து படிப்போம் என்றார். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போக முடிந்தாலும் நல்லது. அடிக்கக் கை ஓங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோபம் உங்கள் மேலேயே திரும்பி உயிரை விடத் தோன்றினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அடியுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ரூம்மேட்டிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் சாப்பிடும்போது சொல்லாதீர்கள், கோபத்தில் இருக்கும்போது சொல்லவே சொல்லாதீர்கள். நீ இப்படிச் செய்யாதே என்று ஆரம்பிக்காமல், எனக்கு இப்படி ஒரு கோளாறு இருக்கு, சிகிச்சை எடுக்கறேன், நடுவில எழுந்து போனா உன்மேல கோபம்னு நினைச்சுக்காதே என்று ஆரம்பியுங்கள். நான் மாமாவிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே நின்று சொல்ல தைரியம் வரவில்லை, பக்கத்தில் நின்று செடியைப் பார்த்துக்கொண்டே பொரிகடலையில் ஆரம்பித்து டபரா வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்காகவா கண்ணு இத்தனை வருஷமா சமையக்கட்டுலயே நின்னு காபி குடிச்ச?" என்றார்.