மேமோகிராம் படம் சரியில்லை என்று மறுபடி அழைத்தால் என்ன பொருள்?

இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்-ரே எடுத்துவந்தபின், தொழில்நுட்பக் காரணத்தால் மீண்டும் படம் எடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தால், நோயை மறைக்கிறார்களா, அல்லது படம் எடுத்தவருக்கு வேலை தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. அத்திட்டத்தில் இந்தப் படங்களை எடுக்கும் ரேடியோகிராபராகப் பணிபுரிபவள் என்பதால் இரண்டாவது சந்தேகம் என்னை வருத்தியது. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

தரம் என்றதும் படத்தின் தெளிவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் முதலில் பார்ப்பதோ, மார்பகம் முழுவதும் படத்துக்குள் வந்திருக்கிறதா என்பதைத்தான். ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என எடுக்கிறோம். சாய்வுப் படத்தில் மார்புத்தசை முலைக்காம்பின் மட்டம்வரை இறங்கியிருக்க வேண்டும். மார்பகத்தின் அடிமடிப்பு விரிந்து தெரிய வேண்டும்.

தோள்மூட்டு இறுகிப்போன ஒரு பெண்மணியைச் சென்ற ஆண்டு இப்படித்தான் திரும்ப அழைத்திருந்தார்கள். முதற்படம் பார்வைக்குத் துல்லியமாகவே இருந்தது. ஆனால் தசை மேல்மூலையில் ஒரு கீற்றாக மட்டுமே தெரிந்தது, அக்குளை ஒட்டிய திசு படத்துக்குள் வரவேயில்லை. மிகுந்த கோபத்துடன்தான் வந்தார். எந்திரத்தைத் தாழ்த்தி, கையைத் தூக்கச் சொல்லாமல் பிடியின்மேல் தளர்வாகச் சாய்த்து வைத்து, தோள் இளகும்வரை காத்திருந்து, தசையோடு சேர்த்து மார்பகத்தை முன்னே கொண்டுவந்த பிறகே எந்திரத்தின் தட்டால் அழுத்தினேன். தசை உரிய மட்டம்வரை இறங்கியது. புதிதாகத் தெரிந்த பகுதியில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடிந்தது.

வீணாகக் கதிர்வீச்சைக் கூட்டுகிறீர்கள் என்று சிலர் வாதிடலாம். அதற்காகவே, மீண்டும் எடுக்கப்படுபவை 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று திட்டத்தின் தரவிதி சொல்கிறது. ஒரே படத்துக்கு இருவர் வெவ்வேறு தரம் கொடுப்பதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எனினும், மறுபடம் என்றாலே படம் எடுத்தவரின் குறை என்று எங்கள் துறையிலேயே சிலர் முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கை தூக்க முடியாதவருக்கும், கூன் விழுந்தவருக்கும், மற்றவர்களுக்கு ஒதுக்கும் அதே சில நிமிடங்களைத் தந்துவிட்டு, எத்தனை மறுபடம் என்ற கணக்கை மட்டும் கேட்பது நியாயமில்லை.

உங்களுக்குத் தோள்வலியோ முதுகுவலியோ இருந்தால், கடிதத்திலுள்ள எண்ணை அழைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அக்குளில் பவுடரோ டியோடரண்டோ பூச வேண்டாம். அவற்றின் துகள்கள், சில சமயம் நோயின் அறிகுறியாக மார்பகத்தில் தெரியும் கால்சியத் துகள்களைப் போலவே வெண்புள்ளிகளாகப் படத்தில் விழும்.