அகத்தியிலிருந்து அந்தமானுக்கு: விமானத் தூரமும் நேரமும், கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, மருமகனுக்கு அந்தமானில் வேலை. லட்சத்தீவு பார்த்துவிட்டு அங்கே விமான நிலையம் உள்ள அகத்தித் தீவிலிருந்து அப்படியே போர்ட் பிளேர் போய்விடலாமா என்கிறார். எவ்வளவு தூரம்?

பதில்: நேர்கோட்டில் சுமார் 2,245 கி.மீ. ஜெட் விமானத்துக்கு மூன்று மணி நேர வேலை. ஆனால் அகத்தி ஓடுபாதை ஏறக்குறைய 1,200 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானம்தான் அதில் இறங்கும். ஆள் நிரம்பிய ஏடிஆரால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்க முடியாது.

அதனால் அகத்தி–கொச்சி 470, கொச்சி–சென்னை 520, சென்னை–போர்ட் பிளேர் 1,370. கூட்டிப் பாருங்கள், 2,360 கி.மீ. நேர்கோட்டைவிட நூற்றுச் சொச்சம்தான் கூடுதல்! வானத்தில் இருப்பதும் நாலரை, ஐந்து மணி நேரம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு. தனித்தனி டிக்கெட் போட்டு முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் பணம் போனதுதான். சென்னையில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரியே திட்டம் போடச் சொல்லுங்கள். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதை முதலில் வாங்கட்டும்.

கேள்வி (தென்காசி): சென்னை–தூத்துக்குடி 530 கி.மீ. என்கிறார்கள். ரயிலில் நெல்லைக்கே 650 வருகிறதே?

பதில்: இரண்டும் சரி. 530 என்பது விமானத்தின் நேர்கோட்டுத் தூரம். தண்டவாளம் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊர்களைத் தொட்டு வளைந்து வருகிறது.

கேள்வி (திசையன்விளை): ஏடிஆர் மணிக்கு 500 கி.மீ. போகுமாமே. பிறகு ஏன் சென்னை–தூத்துக்குடி டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள்?

பதில்: அது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சென்னையில் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் வந்து நிற்பது வரைக்கும் கணக்கு. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போகணும், முன்னால் வரிசை இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 500 கிடைக்காது. அப்புறம் ஆடிக் காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று, தெற்கே வரும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்கும், திரும்பும்போது தள்ளிவிடும்.

கேள்வி (நெல்லை வண்ணார்பேட்டை): சென்னைக்கு வந்தே பாரத்தா, விமானமா?

பதில்: வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூரில் விட்டுவிடும். விமானம் என்றால் வாகைக்குளத்துக்கு 30 கி.மீ. கார், அங்கே ஒரு மணி நேரமாவது முன்னால் போய் உட்காரணும், இறங்கியதும் மெட்ரோ. வீட்டுவாசலிலிருந்து கணக்குப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தை நெருங்கும். மிச்சம் மூன்று மணி நேரம். தனி ஆள், அவசரம் என்றால் விமானம். குடும்பத்தோடு என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

கேள்வி (சங்கரன்கோவில்): வாகைக்குளத்திலிருந்தே அந்தமானுக்கு நேரே விடமாட்டார்களா?

பதில்: தூரம் தடையில்லை. 1,640 கி.மீ., ஜெட்டில் இரண்டரை மணி நேரம். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையும் இப்போது 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டது. 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாச்சு. இனி ஆள் சேரணும். நூற்றெண்பது இருக்கையை நிரப்ப நம் பக்கத்தில் ஆள் உண்டு என்று ஒரு நிறுவனம் நம்புகிறவரை சென்னை வழிதான்.