கேளுங்க, சொல்றேன்: ஸ்பெல்லிங் தப்பா அடிச்சா நீங்க மனுஷன்

போன வாரம் ஒரு பேங்க் ஆப்ல பொண்ணு பேர் போட்ட ஒருத்தங்களோட அரை மணி நேரம் சாட் பண்ணேன். பாவம் டயர்டா இருப்பாங்களேன்னு "சாப்டீங்களாம்மா"ன்னு கேட்டா, "உங்கள் கோரிக்கை புரியவில்லை"ன்னு பதில் வருது. அப்பதான் அது மெஷின்னே தெரிஞ்சது. இதுக்கெல்லாம் போட்டி வேற இருக்காமே?
*– வாசகி, கரூர்*

அரை மணி நேரம் தாக்குப் பிடிச்சிருக்கே, அதுக்கே ஒரு மெடல் குடுக்கலாம்! போட்டி இருந்துச்சுங்க, லோப்னர் பரிசுன்னு பேரு. ஹ்யூ லோப்னர்னு ஒரு அமெரிக்கர், சுருட்டி எடுத்துட்டுப் போற டான்ஸ் ஃப்ளோர் வியாபாரம் பண்ணவரு, அவர் காசுல ஆரம்பிச்சது. 1991 நவம்பர்ல பாஸ்டன் கம்ப்யூட்டர் மியூசியத்துல முதல் போட்டி. ஜட்ஜ் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து டைப் பண்ணுவாரு, அந்தப் பக்கம் மனுஷனா மெஷினான்னு அவர்தான் சொல்லணும். ஜோசப் வைன்ட்ராப் எழுதின புரோகிராம் 10 ஜட்ஜுல 5 பேரை ஏமாத்தி ஜெயிச்சுது. எப்படின்னு கேளுங்க, அவர் எடுத்த தலைப்பே சும்மா அரட்டை, அதனால சம்பந்தமில்லாம உளறினாலும் ஜோக் அடிக்கறான்னு விட்டுட்டாங்க, போதாததுக்கு நம்மள மாதிரியே தப்பா அடிச்சு அழிச்சு திரும்ப அடிக்கற மாதிரி செட் பண்ணியிருந்தாரு. அதே போட்டியில ஷேக்ஸ்பியர் பத்தி பேச ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, நிஜ மனுஷி, அவங்களை மூணு ஜட்ஜுங்க கம்ப்யூட்டர்னு எழுதிட்டாங்க. இவ்வளவு விவரமா ஷேக்ஸ்பியர் தெரிஞ்ச ஆள் இருக்க முடியாதாம்!

இதுக்கெல்லாம் மூலம் கம்ப்யூட்டர் மேதை ஆலன் டூரிங்தானே? அவருக்கு நம்ம ஊர் தொடர்பு உண்டுன்னு வாட்ஸப்ல வந்தது, நம்பலாமா?
*– வாசகர், பொள்ளாச்சி*

அபூர்வமா வாட்ஸப் சொன்னது நிஜம். அவங்க அம்மா பிறந்தது உங்க பக்கத்துல போத்தனூர்ல, தாத்தா ரயில்வே இன்ஜினியர், அப்பா மெட்ராஸ் மாகாணத்துல ஐசிஎஸ் ஆபீசர். டூரிங் பிறந்தது லண்டன், 1912. 1950ல அவர் எழுதின கட்டுரைதான் இந்த விளையாட்டுக்கு ஆரம்பம். அதுல ஒரு மாதிரி உரையாடல் வரும், 34957ஐயும் 70764ஐயும் கூட்டச் சொன்னா அரை நிமிஷம் யோசிச்சு 105621ன்னு பதில் வருது. பேப்பர் எடுத்து கூட்டிப் பாருங்க, 105721 வரணும். தப்பு விட்டாதான் மனுஷன்னு நம்புவாங்கன்னு மனுஷன் அப்பவே கணக்குப் போட்டு வெச்சிருக்காரு.

படிச்ச விஞ்ஞானிங்க இந்தப் போட்டியை மதிச்சாங்களா?
*– வாசகர், திருநெல்வேலி*

ஒரு சாம்பிள் சொல்றேன். ஏஐ துறையோட பெரிய தலை மார்வின் மின்ஸ்கி, 1995ல கடுப்பாகி, லோப்னரை யார் இதை நிறுத்த வைக்கிறாங்களோ அவங்களுக்கு 100 டாலர் தரேன்னு அறிவிச்சாரு. லோப்னர் லேசுப்பட்டவரா? நிஜமாவே மனுஷன்னு நம்ப வைக்கற மெஷினுக்குன்னு வெச்சிருந்த பெரிய பரிசை யாராவது ஜெயிச்சா போட்டி தானா நின்னுடும், அப்ப அந்த 100 டாலர் ஜெயிச்சவருக்குத்தானே போகணும், ஆகவே மின்ஸ்கியும் எங்க ஸ்பான்சர்னு அறிவிச்சிட்டாரு!

பெரிய பரிசு யாருக்குப் போச்சு?
*– வாசகி, மன்னார்குடி*

யாருக்கும் இல்ல. 1 லட்சம் டாலரும் தங்க மெடலும் அப்படியே கெடந்துச்சு. ஒலிம்பிக் மெடல் மாதிரி மேல்பூச்சு இல்ல, என்னோடது சுத்தமா 18 கேரட்னு பெருமையடிச்சுக்குவாரு லோப்னர் (18 கேரட்டை நம்ம வீட்டுப் பெண்கள்கிட்ட சுத்தம்னு சொல்லிப் பாருங்க). வருஷா வருஷம் இருக்கறதுல தேவலாம்னு ஒண்ணுக்கு வெண்கலம் மட்டும், மிட்சுகுங்கற அரட்டை புரோகிராம் மட்டும் அஞ்சு தடவ அள்ளிட்டுப் போச்சு. 2016ல லோப்னர் காலமாயிட்டாரு, 2019ல வேல்ஸ்ல ஸ்வான்சியில நடந்ததோட சரி. சாட்ஜிபிடி வந்தது 2022 கடைசியில. பந்தலைப் பிரிச்சப்புறம் வித்வான் வந்த கதை.

இப்ப உள்ள ஏஐ எல்லாம் அந்த மனுஷனா மெஷினா டெஸ்டுல பாஸ் ஆகிடுமா? கண்டுபிடிக்க என்னதான் கேக்கறது?
*– வாசகர், ஓசூர்*

2025ல கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் டியாகோல 5 நிமிஷ சாட் வெச்சுப் பாத்தாங்க. சாட்ஜிபிடிக்குள்ள இருந்த ஜிபிடி-4.5ங்கற மாடலை 73 சதவீதம் தடவ மனுஷன்னே நம்பிட்டாங்க. ஆனா அது சும்மா வரல, கூச்சப்படற, நெட் பாஷை பேசற இளவட்டம் மாதிரி நடின்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க, அதைச் சொல்லாம விட்டா 36தான். இதுல ஒரு கூத்து, 1960கள்ல எழுதின எலிசாங்கற பழைய புரோகிராம் 23 எடுத்துச்சு, அதே குடும்பத்து ஜிபிடி-4ஓ வாங்குனது 21!

கேள்விக்கு வரேன். ஜட்ஜுங்கள்ல நிறையப் பேர் இன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு நலம் விசாரிச்சுத்தான் பாத்தாங்க, அது பெருசா உதவல. சம்பந்தமே இல்லாம கோக்குமாக்கா எதாவது சொன்னவங்கதான் அதிகமா கண்டுபிடிச்சாங்க. கரூர் வாசகி கேட்ட கேள்வியெல்லாம் இனி செல்லாது, "ஆச்சுக்கா, காலைல மீந்த தோசைதான், நீங்க?"ன்னு கூசாம கேக்கும்.