நாட்டின் ஜிடிபி உயர்ந்தால் சாதாரண மக்களின் வாழ்க்கையும் உயருமா?

உயரலாம், ஆனால் தானாக உயராது. ஜிடிபி என்பது ஓராண்டில் ஒரு நாட்டுக்குள் உற்பத்தியான பொருட்கள், சேவைகளின் மொத்த மதிப்பு. பணம் யார் கைக்குப் போனது என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

அயர்லாந்தைப் பாருங்கள். 2015-இல் அதன் ஜிடிபி சுமார் 25 சதவீதம் எகிறியது. முக்கியக் காரணம், சில பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்குள்ள கிளைகளின் பெயருக்கு மாற்றியதுதான். டப்ளின் பஸ் டிரைவரின் சம்பளம் கால்பங்கா கூடியது? அப்புறம் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இந்த வீக்கத்தைக் கழித்துப் பார்க்கத் தனி அளவீடு கொண்டுவந்தது.

ஒரு தெருவில் நகைக்கடை முதலாளி ஒருவர் குடிவந்தால் தெருவின் சராசரி வருமானம் உயரும். இட்லிக்கடை அக்காவின் கல்லாவில் அதே சில்லறைதான் (முதலாளி அங்கே சாப்பிட வந்தால் வேறு கதை).

அதற்காக வளர்ச்சியே வீண் என்பதும் தவறு: 1978-க்குப் பின் சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டது, வளர்ச்சி வேலையாகவும் கூலியாகவும் வீடு வந்து சேர்ந்ததால்தான்.