கொழுப்பு ஊசி பேரப்பிள்ளை வரை பாதிக்குமா?

பாதிக்காது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் 46 வயது அன்பரே, ஸ்பெஷலிஸ்ட் உங்களுக்குப் போடச் சொன்ன, கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் ஊசி டி.என்.ஏ.வை மாற்றிவிடும் என்ற அந்த வாட்ஸ்அப் வீடியோவை அழித்துவிடுங்கள்.

அந்த ஊசி மருந்து நம் மரபணுச் சரத்தைப் பார்த்து ரசாயனத்தில் செய்த குட்டி மூலக்கூறு. கல்லீரல் செல்லுக்குள் போய், கெட்ட கொழுப்பைக் கல்லீரல் அகற்றவிடாமல் தடுக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தியை மட்டும் வெட்டிப் போடும், கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாக இறங்கும். டி.என்.ஏ.வே மாறிவிடுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எதற்காகத் திரும்பப் போடுகிறார்கள்? இந்த வகைச் செயற்கை மூலக்கூறுகள் நேற்று வந்தவையும் அல்ல. டி.என்.ஏ.வைப் பார்த்துச் செய்த பி.என்.ஏ. என்ற ஒன்றை 1991லேயே டென்மார்க்கில் செய்துவிட்டார்கள், மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலும் கண்டுபிடிக்க லேப்களில் உதவுகிறது. முதுகுத்தண்டு நரம்பு நோயால் தசை மெலியும் குழந்தைகளுக்கு 2016லிருந்து நுசினெர்சென் என்ற இதே வகை ஊசி மருந்தைப் போடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குப் போகக்கூடியது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்பா 41 வயதில் மாரடைப்பில் இறந்திருக்கிறார், உங்கள் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 6.8 mmol/L, ரொம்ப அதிகம், குதிகாலுக்கு மேலே பின்பக்கத் தசைநார் கயிறு மாதிரி தடித்திருக்கிறது. பரம்பரைக் கொழுப்பு நோயாகத்தான் தெரிகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

ஏப்பம், முடி கொட்டுவது, இதையெல்லாம் விடுங்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், குலை ஏற்றிய தள்ளுவண்டியை மேட்டில் தள்ளும்போது நெஞ்சை அழுத்துகிறது, தாடை வரை இழுக்கிறது, நின்றால் போய்விடுகிறது, காற்றாக இருக்கும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது காற்று இல்லை ஐயா! இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்ற அறிகுறி. இதை வைத்துக்கொண்டு மூன்று மாதமாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மூலிகைப் பொடியைக் கலக்கிக் குடித்தால் எனக்குக் கோபம் வராதா? அப்பாவுக்கு ஆனது உங்களுக்கும் ஆகிவிடும் என்றுதான் பயப்படுகிறேன்.

நாளைக் காலையே டாக்டரிடம் போங்கள், அதுவரை வண்டி தள்ள வேண்டாம். சும்மா எடுக்கும் ஈ.சி.ஜி. நார்மலாக வந்தாலும் திரும்பிவிடாமல், மேட்டில் தள்ளும்போது வரும் வலியைச் சொல்லி மேற்கொண்டு பரிசோதனை கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ ஆம்புலன்சுக்கு 999ஐக் கூப்பிடுங்கள், மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். பொடியை இன்றே நிறுத்துங்கள், பாக்கெட்டை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்த பிறகு, ஊசி வேண்டுமா என்று அவரோடு பேசிக்கொள்ளலாம்.