ரென்ட்டே என்றால் வாடகை இல்லை, தம்பி

தம்பி, ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, 4,200 யூரோ சம்பளத்தில் "ஆர்.வி." என்று போட்டு 390 யூரோ 60 சென்ட் பிடிக்கிறார்கள், அது என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஆபீசில் அதை "ரென்ட்டே" என்கிறார்களாம். வீட்டு வாடகையைத் தனியாகக் கட்டுகிறீர்கள். நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கும் உங்கள் மாமாவோ ரென்ட்டே என்றால் வட்டி என்று சொல்லியிருக்கிறார்.

மாமா சொன்னது தப்பில்லை. நெதர்லாந்தில் அது வட்டிதான். ஜெர்மனியில் அதே ரென்ட்டே ஓய்வூதியம். இங்கிருந்து பஸ் ஏறி, எல்லை தாண்டி நெதர்லாந்தின் வால்ஸில் இறங்குவதற்குள் அர்த்தம் மாறிவிடும். உங்களிடம் பிடிப்பது அரசாங்க ஓய்வூதியக் காப்பீட்டுக்கு. சம்பளத்தில் மொத்தம் 18.6 சதவீதம், பாதி உங்களுடையது, பாதி கம்பெனி போடுவது. வாடகைக்கு இங்கே "மீட்டே" என்று பெயர், அங்கே "ஹூர்".

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையால் நான் பணம் இழந்தவன். நான்கு வருடம் ஐந்தோவனில் இருந்துவிட்டு 2009-இல் ஆகன் வந்தேன். அங்கே வங்கிக் கணக்கில் வருடா வருடம் "ரென்ட்டே" என்று ஒரு வரி வரும், அதில் வட்டி ஏறியிருக்கும். இங்கே ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து "தனியார் ரென்ட்டே" என்றபோது என் காதில் வட்டி என்றே விழுந்தது. மாதம் 100 யூரோ, நல்ல சேமிப்பு என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு மதுரையில் இடுப்பு எலும்பு ஆபரேஷன். பணத்தை எடுக்கப் போனால், அது முதுமைக்கான ஒப்பந்தம், பாதியில் முறித்தால் தொடக்கச் செலவு, கமிஷன் எல்லாம் போக மிச்சம்தான் என்றார்கள். கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை. அன்றைக்குத்தான் அகராதியை எடுத்தேன்.

எல்லாம் லத்தீன் "ரெத்தெரே" என்ற வினையில் தொடங்குகிறது. திருப்பிக் கொடு என்று பொருள். பேச்சு வழக்கில் அது "ரெந்தெரே" ஆகி, பிரெஞ்சில் "ராந்த்" என்ற சொல்லைத் தந்தது. போட்ட முதலீட்டிலிருந்து வேலை செய்யாமல் வரும் வருமானம் அது. அதில் வாழ்பவர் "ராந்த்தியே". நாம் வரவு, வருமானம் என்று "வா" என்ற வேரில் சொல்வதை அவர்கள் "திருப்பிக் கொடு" என்ற வேரில் சொல்கிறார்கள். வீடு திருப்பிக் கொடுத்தால் ஆங்கிலத்தில் ரென்ட், வாடகை. பணம் திருப்பிக் கொடுத்தால் டச்சிலும் டேனிஷிலும் வட்டி. சுவீடனில் "ரென்ட்டா", அதுவும் வட்டி. உழைத்த காலம் திருப்பிக் கொடுத்தால் ஜெர்மனில் ஓய்வூதியம். ஸ்பெயினில் "ரென்ட்டா" பொதுவாக வருமானம். வருமான வரிக் கணக்கு கொடுப்பதையும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். போலந்தில் உடல் முடியாமல் போனவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை "ரென்ட்டா". வயதானவர் வாங்குவதற்கு வேறு பெயர். எனக்கு இந்த வார்த்தையின் மேல் இருந்த கோபம் இதைப் படித்தபோது போய்விட்டது.

ஜெர்மனில் வட்டிக்கு "ட்சின்ஸ்". அதுவும் லத்தீன்தான், "கென்சுஸ்" என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சொல்லும் அதே சென்ஸஸ். ஆனால் சுவிட்சர்லாந்துக்காரர் "ட்சின்ஸ் கட்ட வேண்டும்" என்றால் பெரும்பாலும் வீட்டு வாடகையைச் சொல்கிறார். சூரிச் பக்கம் வேலை மாற்றினால் இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். 60 மாதம் கட்டி முடித்தால் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். நம் வயதுக்காரர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. ஊருக்குத் திரும்பினாலும் அந்த உரிமை போகாது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து வருடம் ஆனதும், 27 வயதும் தாண்டியிருந்தால், வருடம் ஒரு கடிதம் வரும். முதல் பக்கத்தில் ஒரு கட்டம், அதில் மூன்று தொகைகள்: இன்றைக்கே உடல்நிலையால் வேலை செய்ய முடியாமல் போனால் எவ்வளவு, இதுவரை கட்டியதற்கு எவ்வளவு, இப்படியே கட்டிப் போனால் 67-இல் எவ்வளவு. என்னுடையதை எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன்.

அப்புறம், வந்த புதிதில் உங்களுக்கு ஓர் ஓய்வூதியக் காப்பீட்டு எண் கடிதமாக வந்திருக்கும், எண்ணும் எழுத்துமாக 12 இடம். நடுவில் உங்கள் பிறந்த தேதி, அதையடுத்து ஓர் எழுத்து. அது பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்று இடம் மாறிக் கிடக்கும். அந்த எழுத்தும் தேதியும் உங்கள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கடிதம் அனுப்பிய ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்துக்கு உடனே எழுதிவிடுங்கள்.