வலிப்பு மாத்திரையும் கூட்டு மருந்தும்: வாசகர் கேள்விகள்

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் தினமும் ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். போன மாதம் வலிப்பு வந்து தனியார் டாக்டரிடம் போனேன். எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை. ஃபெனிடாய்ன் என்ற வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

இப்படியே தொடரக் கூடாது. அதற்காக நீங்களாக வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும் அபாயம் உண்டு. இந்த வாரமே மையத்துக்குப் போங்கள்.

மையங்களில் இப்போது பெரும்பாலானோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை. ஃபெனிடாய்ன், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய வலிப்பு மாத்திரைகள் ஈரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். டோலுடெகிராவிர் சீக்கிரமே கரைந்துபோகும். உடம்புக்கு ஒன்றும் தெரியாது, மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டிருப்பீர்கள்; ஆனால் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் அடுத்த வைரல் லோடு பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியிருக்கலாம்.

இந்தக் கூட்டு மாத்திரையோடு சேர்க்க நான் முதலில் யோசிக்கும் வலிப்பு மருந்து லெவெட்டிராசிட்டம். அது ஈரல் நொதிகளைச் சீண்டுவதில்லை, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து அளவை முடிவு செய்வோம். சிலருக்கு அது எரிச்சலும் மனச்சோர்வும் தரும். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கார்பமாசெபைன்தான் தேவை என்றால், டோலுடெகிராவிர் 50 மி.கி.யை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாக்குவது வழக்கம்.

டாக்டரிடம் சொல்லக் கூசியது எனக்குப் புரிகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் உங்கள் ரகசியத்தைக் காக்கிறது. வாயால் சொல்ல வரவில்லையா, மையத்தின் சிகிச்சை அட்டையை மேசைமேல் வையுங்கள், போதும்.

வலிப்பு ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லையே?

அதைக் கேட்காமல் விடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு முதல் வலிப்பு வந்தால் மூளையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, காசநோய், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே போனவர்களுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் அதிகம். நம் ஊரில் நாடாப்புழுக் கட்டியாலும் வலிப்பு வரும், அதற்கு எச்.ஐ.வி. வேண்டியதில்லை. ஸ்கேன் எடுக்காமல் வலிப்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், அது பாதி வைத்தியம்தான்.

வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுகிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம்.

கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரைப் பார்த்து மாற்று மருந்துக்குப் போய்விடுங்கள். வால்புரோயேட் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக் கூடியது. டோலுடெகிராவிர் பற்றியும் 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து இதே மாதிரி ஒரு அச்சம் கிளம்பியது. அப்புறம் கூடுதல் பிரசவங்களைக் கணக்கெடுத்தபோது அது விலகிவிட்டது. டோலுடெகிராவிரை நிறுத்த வேண்டாம்.

லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரையில் நன்றாக இருந்தேன். இரண்டாம் கட்டக் கூட்டு மருந்தாக லோபினாவிர்-ரிட்டோனாவிர் ஆரம்பித்ததும் வலிப்பு திரும்பிவிட்டது.

இங்கே கதை தலைகீழ்: கூட்டு மருந்து வலிப்பு மாத்திரையைப் பாதிக்கிறது. லோபினாவிர்-ரிட்டோனாவிர் சேர்ந்தால் ரத்தத்தில் லாமோட்ரிஜின் ஏறத்தாழ பாதியாகிவிடும். அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டி வரும், அதையும் மெல்ல மெல்ல, டாக்டர் கண்காணிப்பில். தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்டுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள என் தம்பிக்கு வலிப்பு வரும்போது வாயில் நுரை தள்ளுகிறது. தொடப் பயமாக இருக்கிறது.

எச்சிலாலும் நுரையாலும் எச்.ஐ.வி. பரவாது. நாக்கைக் கடித்து ரத்தம் வந்திருந்தால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு துடையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள். இரும்பும் சாவியும் வேண்டாம், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. அதுவரை அவர் பக்கத்திலேயே இருங்கள், தாராளமாகத் தொடுங்கள்.